‘கூகுளில் முதலிடம்’ வாக்குறுதியை நம்பலாமா? நேரடி விற்பனையில் இறங்கும் விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

மரச்செக்கு எண்ணெய், கருப்பட்டி, மஞ்சள் தூள், பாரம்பரிய அரிசி, சிறுதானிய மாவு, தேன் என விளைபொருளை மதிப்புக் கூட்டி நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் விவசாயிகள் பெருகி வருகின்றனர். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் சொந்தமாக இணையதளம் தொடங்குகின்றன. தளம் தொடங்கிய சில நாள்களிலேயே செல்பேசிக்கு அழைப்பு வரும். ‘உங்கள் தளத்தை 30 நாளில் கூகுள் முதல் பக்கத்துக்குக் கொண்டு வருகிறோம். முதலிடம் நூறு சதவீதம் உறுதி. இன்றே பணம் கட்டினால் பாதிக் கட்டணம்’ என்பார்கள்.

இந்த வேலைக்கு எஸ்.இ.ஓ., அதாவது தேடுபொறி உகப்பாக்கம் என்று பெயர். இதை ஒழுங்காகச் செய்யும் நிறுவனங்களும் உண்டு, பணத்தை வாங்கிக்கொண்டு தளத்தையே கெடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மத்திய அரசின் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் ஓர் அமைப்புக்கு நிர்வாகச் செலவுக்காக மூன்று ஆண்டுகளில் ரூ.18 லட்சம் வரை உதவி உண்டு. அதோடு சேர்வது உறுப்பினர்களின் பங்குத்தொகை. இந்தப் பணத்தில் மாதந்தோறும் ஒரு பகுதியை எடுத்துக் கொடுப்பதற்கு முன், யாரிடம், எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

எஸ்.இ.ஓ. என்ன செய்யும், என்ன செய்யாது?

ஒருவர் கூகுளில் ‘ஈரோடு மஞ்சள் தூள்’ என்று தேடினால் இரண்டு வகை முடிவுகள் வரும். ‘ஸ்பான்சர்டு’ என்ற குறிப்புடன் வருவது விளம்பரம். பணம் கட்டும் வரை தெரியும், நிறுத்தினால் மறைந்துவிடும். மற்றவை இயல்பான முடிவுகள். இவற்றின் வரிசையில் முன்னால் நிறுத்த கூகுள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை.

தேடுபொறி முதலில் இணையப் பக்கங்களைச் சுற்றிவந்து படிக்கிறது. படித்ததைத் தன் அட்டவணையில் சேர்க்கிறது. பிறகு, தேடுபவரின் கேள்விக்குப் பொருத்தமான பக்கங்களை வரிசைப்படுத்துகிறது. எஸ்.இ.ஓ. நிறுவனம் செய்யக்கூடியது, நம் தளத்தை இதற்குத் தயார்ப்படுத்துவது. பக்கம் செல்பேசியில் விரைவாகத் திறக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கமும் தெளிவான தலைப்பும் இருக்க வேண்டும். எடை, விலை, பதப்படுத்தும் முறை, அனுப்பும் ஊர்கள் போன்ற விவரங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். படத்துக்குள் மட்டும் எழுதி வைத்தால் போதாது.

உழவு போட்டு, நல்ல விதை போட்டு, களை எடுப்பது நம் கையில் இருக்கிறது. மழை நம் கையில் இல்லை. அதுபோலத்தான் இதுவும். தளத்தைச் சீராக்குவது நிறுவனத்தின் கையில் உள்ளது. வரிசையைத் தீர்மானிப்பது தேடுபொறி. கூகுளில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்துள்ளது. ஆகவே ‘முதலிடம் உறுதி’ என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

‘கூகுளிலிருந்து பேசுகிறோம்’, ‘கூகுளில் எங்களுக்குத் தனித் தொடர்பு உண்டு’ என்பவர்களையும் நம்ப வேண்டாம். அப்படி ஒரு தனி வழி கிடையாது.

உங்களுக்குத் தேவையா?

எல்லோருக்கும் எஸ்.இ.ஓ. நிறுவனம் தேவையில்லை. சுற்று வட்டாரத்தில் காய்கறி, பால், நாற்று விற்பவர்களுக்கு ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ என்ற இலவச வசதியே பெரும்பாலும் போதும். கடை அல்லது பண்ணை இருக்கும் இடம், நேரம், செல்பேசி எண், புகைப்படங்கள் ஆகியவற்றை நாமே பதிவு செய்யலாம். இதற்குக் கூகுள் கட்டணம் வாங்குவதில்லை. வாட்ஸ்ஆப் பிசினஸில் விலைப்பட்டியல் வைப்பதும் இலவசம்தான்.

ஆண்டு முழுவதும் இருப்பு உள்ள, கெடாத, கூரியரில் அனுப்பத்தக்க பொருள் இருந்தால் எஸ்.இ.ஓ. பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதக் கட்டணம் ரூ.15,000 என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.2,700 சேர்த்தால் ரூ.17,700. பருப்பு, ஆட்டுக்கூலி, புட்டி, கூரியர் எல்லாம் போக ஒரு லிட்டர் கடலை எண்ணெயில் ரூ.60 நிற்கிறது என்றால், அந்தக் கட்டணத்தை மீட்கவே மாதம் 295 லிட்டர் கூடுதலாக விற்க வேண்டும். லிட்டருக்கு இரண்டரை கிலோ பருப்பு என்று கொண்டால் மாதம் 700 கிலோவுக்கு மேல் பருப்பு வேண்டும். அவ்வளவு பருப்பும், ஆட்டும் திறனும், கட்டி அனுப்ப ஆளும் உண்டா? இல்லை என்றால், தளம் முதல் பக்கத்துக்கு வந்தாலும் ஆர்டரை நிறைவேற்ற முடியாமல் கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். எஸ்.இ.ஓ. வேலை செய்து பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்பது கூகுள் தரும் கணக்கு. சித்திரை, வைகாசியில் மாம்பழம் விற்க விரும்புகிறவர் பங்குனியில் ஆளைத் தேடினால் அந்த ஆண்டுக்குப் பயன் இல்லை. ஐப்பசி, கார்த்திகையிலேயே பக்கங்கள் தயாராக வேண்டும்.

குறுக்கு வழியின் விலை

தளத்தை அவசரமாக மேலே தள்ளச் சிலர் குறுக்கு வழிகளைக் கையாள்கின்றனர். பணம் கொடுத்து ஆயிரக்கணக்கான தளங்களில் நம் தளத்துக்கு இணைப்பு வைப்பது, மற்றவர் எழுதியதை நகல் எடுத்து ஒட்டுவது, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி நூறு பக்கம் உருவாக்குவது, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத எழுத்தைப் பக்கத்தில் ஒளித்து வைப்பது, போலி விமர்சனம் போடுவது ஆகியவை அவற்றில் சில. இவை அனைத்தும் தேடுபொறியின் விதிகளுக்கு எதிரானவை.

இதன் விளைவுக்கு அமெரிக்காவின் பெரிய சில்லறை விற்பனை நிறுவனமான ஜே.சி.பென்னி ஓர் எடுத்துக்காட்டு. துணி, படுக்கை, தரைவிரிப்பு, பயணப் பெட்டி எனப் பல பொருள்களின் தேடலில் அதன் தளம் முதலிடத்தில் நின்றது. அந்தப் பொருள்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஏராளமான தளங்களில் பணம் கொடுத்து வைத்த இணைப்புகளே காரணம் என்பதை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டது. கூகுள் நடவடிக்கை எடுத்ததும், வரவேற்பறை மரச்சாமான்களுக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த தளம் இரண்டே மணி நேரத்தில் 68-ஆம் இடத்துக்குப் போனது. இணைப்புகள் தன் அனுமதியுடன் வைக்கப்பட்டவை அல்ல என்று கூறிய ஜே.சி.பென்னி, தான் அமர்த்திய எஸ்.இ.ஓ. நிறுவனத்தை நீக்கியது.

தவறு செய்தது யாராக இருந்தாலும் தண்டனை தளத்துக்குத்தான் என்பதே இதில் விவசாயிகள் கவனிக்க வேண்டியது. அளவுக்கு மீறிப் போட்ட யூரியாவில் பயிர் ஒரு வாரம் கரும்பச்சையாகத் தெரியும், பிறகு சாயும். சாய்வது கடைக்காரர் பயிர் அல்ல, நம் பயிர். பெரிய நிறுவனத்துக்கு மீண்டுவர ஆள் பலமும் பண பலமும் உண்டு. ஐந்நூறு விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை.

இணையதளத்தின் சாவி யாரிடம்?

நிலம் நம் பெயரில் பட்டாவாக இருக்க வேண்டும் என்பதில் காட்டும் அக்கறையை இணையதளத்தில் பலர் காட்டுவதில்லை. ‘டொமைன்’ எனப்படும் தளத்தின் பெயரை நிறுவனமே தன் பெயரில் பதிவு செய்துகொள்ளும். ஒப்பந்தம் முறிந்தால் தளம் அவர்கள் கையில் இருக்கும். பாக்கெட்டில் அச்சிட்ட முகவரி, வாடிக்கையாளருக்குப் பழகிய பெயர் எல்லாம் சிக்கிக்கொள்ளும்.

எனவே பின்வருபவை அனைத்தும் விவசாயி அல்லது உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும்:

* டொமைன் பதிவும் ஆண்டுப் புதுப்பித்தல் ரசீதும்
* தளம் இயங்கும் சர்வர் இடத்தின் கணக்கு
* கூகுள் சர்ச் கன்சோல், கூகுள் அனலிடிக்ஸ் கணக்குகள் (இரண்டும் இலவசம்)
* கூகுள் பிசினஸ் புரொஃபைலின் முதன்மை உரிமை
* விளம்பரக் கணக்கு, பணம் பெறும் வசதி, சமூக ஊடகப் பக்கங்கள்

எஸ்.இ.ஓ. நிறுவனத்துக்குப் பயனர் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். சர்ச் கன்சோலில் உரிமையாளர், முழுப் பயனர், பார்வை அளவிலான பயனர் என்று தனித்தனி அனுமதிகள் உண்டு. முதல் ஆய்வுக்குப் பார்வை அனுமதியே போதுமானது. கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் யாருக்கும் சொல்லக் கூடாது.

உற்பத்தியாளர் நிறுவனங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல்லாக் கணக்குகளும் முதன்மைச் செயல் அலுவலரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்கப்பட்டிருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் தளமும் போய்விடும். நிறுவனத்துக்கென்று பொது மின்னஞ்சல் வைத்து, இரண்டு இயக்குநர்களுக்கு அணுகல் கொடுத்து, விவரத்தை இயக்குநர் குழுக் கூட்டப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

விதை வாங்கும்போது சான்று விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை என்று பார்த்து வாங்குகிறோம். எஸ்.இ.ஓ.வுக்கு அப்படி ஓர் அட்டை இல்லை. கேள்வி கேட்டுத்தான் தரம் பிரிக்க வேண்டும். குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. இதற்கு முன் யாருக்குச் செய்தீர்கள்? மூன்று வாடிக்கையாளர்களின் எண்ணைப் பெற்று நீங்களே பேசுங்கள். உணவுப் பொருள் விற்பவர் ஒருவராவது அதில் இருந்தால் நல்லது.

2. முதல் மூன்று மாதம் என்ன வேலை? ‘அது எங்கள் ரகசிய முறை’ என்பது பதில் ஆகாது. எந்தப் பக்கத்தில் எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று எழுதித் தருபவரே தேவை.

3. இணைப்புகளை எப்படிப் பெறுவீர்கள்? ‘மாதம் 500 லிங்க்’ என்று எண்ணிக்கை சொன்னால் விலகுங்கள். நாளிதழ்ச் செய்தி, கண்காட்சி அமைப்பாளர் பட்டியல், சமையல் பற்றி எழுதுபவர் என்று உண்மையான வழிகளைச் சொல்பவர் நம்பத்தக்கவர்.

4. பக்கங்களை யார் எழுதுவார்கள்? எங்கள் தோட்டத்தையோ செக்கையோ வந்து பார்ப்பீர்களா?

5. பலனை எதை வைத்து அளப்பீர்கள்?

6. ஒப்பந்தம் முடிந்தால் எழுதிய பக்கங்கள், படங்கள் யாருக்குச் சொந்தம்?

நிறுவனத்தின் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் சரிபார்க்கலாம். கம்பெனியாகப் பதிவு செய்ததாகச் சொன்னால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் பார்க்கலாம். பெயர் ஒன்று, பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கு தனிநபர் பெயரில் ஒன்று என்றால் பணம் அனுப்ப வேண்டாம்.

வாடிக்கையாளர் எந்தச் சொல்லில் தேடுகிறார்?

நல்ல நிறுவனம் எது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அவர்கள் முதலில் உங்கள் வாடிக்கையாளரைப் பற்றிக் கேட்பார்கள். நாம் ‘பனங்கருப்பட்டி’ என்போம். சென்னையில் ஒருவர் ‘பனை வெல்லம்’ என்று தேடுவார். பெங்களூரில் இருப்பவர் ‘பாம் ஜாக்கரி’ என்று ஆங்கிலத்தில் தேடுவார். இன்னொருவர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டுவார், சிலர் பேசித் தேடுவார்கள். இந்த வேறுபாடுகளைத் திரட்டி, எந்தச் சொல்லுக்கு வாங்கும் எண்ணம் அதிகம் என்று பிரிப்பதுதான் உண்மையான வேலை.

‘அரிசி’ என்ற ஒற்றைச் சொல்லில் பெரிய நிறுவனங்களோடு போட்டியிடுவது வீண். ‘மாப்பிள்ளை சம்பா கைக்குத்தல் அரிசி 5 கிலோ’ என்று தேடுபவர் குறைவாக இருக்கலாம், ஆனால் அவர் வாங்க வந்தவர். ஈரோடு மஞ்சளுக்கு 2019-லும், உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. இத்தகைய பெயர்கள் தேடலிலும் வலுவானவை. உரிய பகுதியில் உரிய முறையில் விளைவித்தவர், புவிசார் குறியீட்டுச் சட்டப்படி பயனாளராகப் பதிவு செய்துகொண்டு அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். பிற ஊர்ச் சரக்குக்கு அந்தப் பெயரைப் போட எஸ்.இ.ஓ. நிறுவனம் யோசனை சொன்னால் மறுத்துவிட வேண்டும்.

எழுதுவது அவர், பொறுப்பு உங்களுடையது

தேடலில் எடுபடும் என்பதற்காக ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும் அரிசி’, ‘புற்றுநோயைத் தடுக்கும் மஞ்சள்’ என்று எழுதிவிடுவார்கள். உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விளம்பர விதிமுறைகள் இடம் தரவில்லை. தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்க முடியும். ‘ஆர்கானிக்’ என்ற சொல்லும் அப்படித்தான். என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ். சான்று இருந்தால் சான்றை எழுதுங்கள். இல்லையென்றால் நீங்கள் என்ன உரம் போட்டீர்கள், என்ன மருந்து தவிர்த்தீர்கள் என்பதை உள்ளபடி எழுதுங்கள். அதற்கும் வாசகர் உண்டு.

தளத்தில் ஏறும் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்கள் படித்து ஒப்புதல் தந்த பிறகே வெளியிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் தளத்தில் தெரியும்படி இருக்கட்டும். சட்டத் தேவையும் அதுதான், வாங்குபவருக்கு நம்பிக்கையும் அதுதான்.

சோதனைத் திடல் போட்டுப் பாருங்கள்

புது ரகத்தை யாரும் முதல் ஆண்டே பத்து ஏக்கரிலும் விதைப்பதில்லை. எஸ்.இ.ஓ.விலும் எல்லாப் பொருளுக்கும் ஒரே நேரத்தில் ஒப்பந்தம் போட வேண்டாம். ஒன்று அல்லது இரண்டு பொருளுக்கு ஆறு மாதம் கொடுங்கள். மற்றப் பொருள்களின் பக்கங்கள் அப்படியே இருக்கட்டும். அவைதான் ஒப்பீட்டுப் பாத்தி. ஒரு மாத முன்னறிவிப்பில் விலகும் உரிமை இருக்கட்டும். ஓராண்டுப் பணத்தை முன்னதாகக் கட்ட வேண்டாம்.

தொடங்கும் நாளின் நிலவரத்தைக் குறித்து வையுங்கள். சர்ச் கன்சோலில் எந்தச் சொல்லுக்கு உங்கள் தளம் எத்தனை முறை தெரிந்தது, எத்தனை பேர் திறந்தார்கள், சராசரி இடம் என்ன என்பது இருக்கும். 16 மாத விவரம் வரை அதில் பார்க்கலாம். ஒவ்வொரு மாதத்தையும் கடந்த ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். கோடையில் மாம்பழத் தேடல் கூடுவது இயல்பு. சித்திரையை மாசியோடு ஒப்பிட்டு ‘எங்கள் வேலையால் கூடியது’ என்று சொன்னால் ஏற்க வேண்டாம்.

இன்னும் சில வித்தைகள் உண்டு. உங்கள் நிறுவனப் பெயரையே தேடிக் காட்டி ‘பாருங்கள், முதலிடம்’ என்பார்கள். அந்தப் பெயரில் வேறு யாரும் இல்லாததால் அது தானாகவே வரும். அவர்கள் செல்பேசியில் காட்டுவதையும் நம்ப வேண்டாம். இடத்துக்கும் முந்தைய தேடலுக்கும் ஏற்ப முடிவுகள் மாறும். வெளியூர் உறவினர் ஒருவரை அவர் செல்பேசியில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘டொமைன் அத்தாரிட்டி’ எண் உயர்ந்தது என்பதும் கூகுளின் அளவுகோல் அல்ல, தனியார் நிறுவனங்களின் கணிப்புதான். ‘ஏ.ஐ. பதிலில் உங்கள் பெயரை வரவழைக்கிறோம்’ என்று தனிக் கட்டணம் கேட்பதும் இப்போது வந்துள்ளது. தன் ஏ.ஐ. முடிவுகளில் இடம்பெறத் தனித் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை, வழக்கமான நல்ல தளமே போதும் என்கிறது கூகுள்.

கடைசியில் பார்க்க வேண்டியது ஆர்டர் எண்ணிக்கை. புதிதாக அழைப்பவரிடம் ‘எங்களை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?’ என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் அந்த நோட்டு சொல்வதை எந்த அறிக்கையாலும் மறைக்க முடியாது.

ஏமாந்துவிட்டால்

பணம் வாங்கிக்கொண்டு தொடர்பைத் துண்டித்தாலோ, கணக்கைக் கைப்பற்றினாலோ தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் தர வேண்டும். வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்ஆப் உரையாடல், ஒப்பந்த நகல் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். தளத்தின் மீது கூகுள் நடவடிக்கை எடுத்திருந்தால் அது சர்ச் கன்சோலில் தெரியும். தவறான இணைப்புகளையும் பக்கங்களையும் நீக்கி, மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். நாளாகும், ஆனால் வழி உண்டு.

விரிவாக்க அலுவலர்களுக்கு

உற்பத்தியாளர் நிறுவனங்களின் கூட்டங்களில் மதிப்புக் கூட்டல், சிப்பமிடல், உரிமம் பற்றிப் பேசும்போது இதையும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நிறுவனத்தின் டொமைன் யார் பெயரில் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்ற ஒரே கேள்வியிலிருந்து தொடங்குங்கள். பதில் தெரியாத நிறுவனத்துக்கு எஸ்.இ.ஓ. ஒப்பந்தத்தைவிட அதுதான் முதல் வேலை. ஒரே வட்டாரத்தில் நான்கைந்து நிறுவனங்கள் சேர்ந்து ஒரு எஸ்.இ.ஓ. நிறுவனத்தோடு பேசினால் கட்டணமும் குறையும், ஒருவர் கேட்க மறந்த கேள்வியை மற்றவர் கேட்பார்.